புதிய கணினிக்குள் பழைய கணினி: தொடங்க எவ்வளவு நேரம்?

ஆலய அலுவலகத்தில், பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் வீட்டில், பட்டணத்து மளிகைக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் என்று எங்காவது ஓரிடத்தில் துணி போட்டு மூடிய பழைய கணினி ஒன்று இருக்கும். விண்டோஸ் 98 அல்லது விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினி. உள்ளே உறுப்பினர் பட்டியல், சந்தா கணக்கு, ஆண்டுக்கூட்டக் குறிப்புகள், கும்பாபிஷேக மலருக்காகத் தட்டச்சு செய்த கட்டுரைகள். தோட்டம் வீடமைப்புத் திட்டத்திற்குக் கைமாறி, மக்கள் தாமான்களுக்குச் சிதறிப் போன பிறகு, அங்கே யார் யார் வாழ்ந்தார்கள் என்பதற்கு எஞ்சிய எழுத்துச் சான்று சில இடங்களில் அந்த வன்தட்டு மட்டும்தான்.

அந்தக் கணினி ஒரு நாள் நின்றுபோகும். அதற்கு முன்பே வன்தட்டை அப்படியே ஒரு கோப்பாகப் பிரதி எடுத்து, புதிய மடிக்கணினிக்குள் ஒரு மென்பொருளின் உதவியோடு பழைய விண்டோஸை மறுபடியும் ஓடவைக்க முடியும். பல இளைஞர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் முதலில் பேசிக்கொள்வது வேகத்தைப் பற்றித்தான். ஒருவருக்குப் பத்து விநாடியில் திரை வந்துவிடுகிறது. அதே விண்டோஸ், அதைவிட விலை கூடிய கணினியில் இன்னொருவருக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் ஒரே வேலையைச் செய்யவில்லை என்பதே விஷயம்.

எந்த முறை வேகமானது, அந்த வேகத்தை எப்படி ஒப்பிடுவது, பழைய பதிவுகளைக் காப்பாற்ற நினைப்பவருக்கு அந்த வேகம் எவ்வளவு முக்கியம் என்பதை விளங்கிக்கொண்டால் காசும் நேரமும் மிச்சமாகும்.

ஒரு கணினி இன்னொன்றாக நடிப்பது

ஒரு பொறி வேறு எந்தப் பொறியின் வேலையையும் செய்து காட்ட முடியும் என்பதை ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆலன் டூரிங் 1936லேயே எழுதிவிட்டார். அப்போது இன்றைய கணினியே பிறக்கவில்லை. அந்தக் கருத்தின் நடைமுறை வடிவம்தான் எமுலேட்டர் எனப்படும் பாவனை மென்பொருள். பழைய கணினியின் சில்லு, நினைவகம், திரை அட்டை, வன்தட்டு எல்லாவற்றையும் அது மென்பொருளாலேயே செய்து காட்டுகிறது. உள்ளே ஓடும் பழைய விண்டோஸுக்குத் தான் இன்னொரு கணினிக்குள் இருப்பதே தெரியாது. வெளியே இருக்கும் கணினியை வீட்டுக்காரர் என்றும், உள்ளே ஓடும் இயங்குதளத்தை விருந்தாளி என்றும் வைத்துக்கொள்ளலாம்.

விருந்தாளியின் மொழி வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்பதில்தான் வேகத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு சில்லுக் குடும்பத்திற்கும் தனிக் கட்டளை மொழி உண்டு. விண்டோஸ் 98 இன்டெல் வகைச் சில்லுகளின் மொழியில் எழுதப்பட்டது. இன்றைய கைப்பேசிகளும், 2020க்குப் பிறகு வந்த ஆப்பிள் கணினிகளில் பெரும்பாலானவையும் ஏஆர்எம் என்ற வேறொரு குடும்பத்தின் மொழியைப் பேசுகின்றன.

மூன்று வழிகள்

மலாய் தெரியாத ஒரு பாட்டி அரசாங்க அலுவலகத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேரன் கூடப் போகிறான். அதிகாரி சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவன் கேட்டு, தமிழில் சொல்லி, பாட்டியின் பதிலை மலாயில் திருப்பிச் சொல்கிறான். அதிகாரி ஒரே கேள்வியை நூறு முறை கேட்டாலும் நூறு முறையும் புதிதாகவே மொழிபெயர்க்கிறான். வேலை நடக்கும், ஆனால் மெதுவாக. எமுலேட்டர்களில் முதல் வகை இதுதான். ஒவ்வொரு கட்டளையையும் எடுத்து, பொருள் கண்டு, செய்து முடித்து, அடுத்ததற்குப் போகும்.

இரண்டாவது பேரன் கெட்டிக்காரன். ஒரு கேள்வியை முதல் தடவை மொழிபெயர்த்ததும் அதை ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொள்கிறான். அதே கேள்வி மறுபடி வந்தால் அட்டையை நீட்டுகிறான். எமுலேட்டர்களில் இது இயங்கும்போதே மொழிபெயர்க்கும் முறை. பிரெஞ்சு நிரலாளர் ஃபாப்ரீஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட கியூஎமு என்ற இலவச மென்பொருள் இந்த முறையைப் பரவலாக்கியது. கட்டளைகளைத் தொகுதி தொகுதியாக மொழிபெயர்த்து, நினைவகத்தில் சேர்த்து வைத்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். முதல் வகையைவிட இது பல மடங்கு வேகம்.

மூன்றாவதாக, அலுவலக முகப்பில் தமிழ் தெரிந்த அதிகாரியே உட்கார்ந்திருந்தால் பேரனுக்கு வேலையே இல்லை. பாட்டி நேரடியாகப் பேசலாம். முக்கியமான முத்திரை குத்தும் இடத்தில் மட்டும் மேலதிகாரியின் அனுமதி வேண்டும். இதற்கு மெய்நிகராக்கம் என்று பெயர். வீட்டுக்காரரும் விருந்தாளியும் ஒரே சில்லு மொழியைப் பேசும்போது மொழிபெயர்ப்பே தேவையில்லை. கட்டளைகள் நேராகச் சில்லிலேயே ஓடுகின்றன. விஎம்வேர் நிறுவனம் 1999இல் இதைச் சாதாரண மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் இதற்கான வசதியைச் சில்லுக்குள்ளேயே வைத்தன. லினக்ஸ் இயங்குதளத்தில் 2007இல் இந்த வசதி சேர்ந்தது.

பத்து விநாடிக்காரர் மூன்றாவது வழியில் ஓட்டியிருப்பார். ஐந்து நிமிடக்காரர் முதல் அல்லது இரண்டாவது வழியில் ஓட்டியிருப்பார். கணினியின் விலைக்கும் இதற்கும் தொடர்பு குறைவு.

ஒரே மடிக்கணினி, இரண்டு வேகம்

இதைத் தெளிவாகக் காட்டும் உதாரணம் இன்றைய ஆப்பிள் மடிக்கணினி. அதில் விண்டோஸ் 11ஐ ஓட்டலாம், ஆனால் ஏஆர்எம் சில்லுக்கென்று தயாரித்த விண்டோஸ் 11ஆக இருக்க வேண்டும். மொழி ஒன்றாக இருப்பதால் அது மெய்நிகராக்கத்தில் ஓடிச் சட்டென்று தொடங்குகிறது. அதே மடிக்கணினியில் இன்டெல் சில்லுக்கான விண்டோஸை ஓட்டினால் ஒவ்வொரு கட்டளையும் மொழிபெயர்ப்பு வழியாகவே போக வேண்டும். பேரலல்ஸ் நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த வசதியைச் சோதனை அளவில் வெளியிட்டபோது, விண்டோஸ் தொடங்கக் கணினியைப் பொறுத்து 2 முதல் 7 நிமிடம் ஆகும் என்று தானே முன்கூட்டிச் சொல்லிவிட்டது.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கும் பெற்றோருக்கு இது கைக்காசு சம்பந்தப்பட்ட செய்தி. பாடத்திற்குத் தேவையான மென்பொருள் இன்டெல் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றால், விலை உயர்ந்த ஏஆர்எம் கணினியைவிடச் சாதாரண இன்டெல் கணினி அந்த ஒரு வேலையில் வேகமாக இருக்கலாம். வாங்கும் முன்பே விரிவுரையாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆப்பிள் நிறுவனத்துக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. அது தன் கணினிகளின் சில்லுக் குடும்பத்தையே மூன்று முறை மாற்றியது. 1994இல் மோட்டோரோலாவின் 68000 வரிசையிலிருந்து பவர்பிசிக்கு, 2006இல் பவர்பிசியிலிருந்து இன்டெலுக்கு, 2020இல் இன்டெலிலிருந்து தன் சொந்தச் சில்லுக்கு. ஒவ்வொரு முறையும் பழைய மென்பொருள் ஓட ஒரு மொழிபெயர்ப்பாளரை உள்ளே வைத்தது. 1994இல் வந்த பவர் மெக்கின்டோஷில் இயங்குதளத்தின் பெரும்பகுதியே பழைய சில்லின் மொழியில்தான் இருந்தது. அதாவது புதுக் கணினி தன் சொந்த இயங்குதளத்தையே மொழிபெயர்த்துத்தான் தொடங்கியது. முதலில் இருந்தது அட்டை எழுதி வைக்காத பேரன். 1995இல் வந்த கணினிகளில் அட்டை எழுதி வைக்கும் பேரனை அமர்த்தியதும் பழைய மென்பொருள்கள் நன்றாகவே வேகம் பிடித்தன.

2020இல் வந்த ரோசெட்டா 2 இன்னும் ஒரு படி மேலே போய், மென்பொருளை ஓட்டும் முன்பே மொழிபெயர்த்து வட்டில் சேமித்துக்கொள்கிறது. அதனால்தான் சில பழைய மென்பொருள்கள் முதல் தடவை திறக்கும்போது தயங்கி, இரண்டாம் தடவை உடனே திறக்கின்றன. ஆனால் ரோசெட்டா ஆப்பிள் கணினிக்கான பழைய மென்பொருளுக்கு உதவுமே தவிர, இன்டெல் விண்டோஸ் இயங்குதளம் முழுவதையும் தூக்கி நிறுத்தாது. இந்த வேறுபாடு தெரியாமல் ஏமாந்தவர்கள் உண்டு.

தொடங்கும் நேரம் ஏன் தனிக் கணக்கு?

ஒரு கணினி தொடங்குவது ஓட்டப்பந்தயம் போன்ற ஒரே வேலை அல்ல. முதலில் பயாஸ் நினைவகத்தையும் வட்டுகளையும் சரிபார்க்கிறது. பிறகு இயங்குதளத்தின் கரு நினைவகத்துக்கு வருகிறது. அடுத்து திரை, ஒலி, வலை அட்டை ஆகியவற்றுக்கான இயக்கிகள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. கடைசியில் மேசைத்திரையும், தொடக்கத்திலேயே தானாக ஓடும் சிறு மென்பொருள்களும் வருகின்றன.

இதில் பல இடங்களில் கணினி எதையும் கணக்கிடுவதில்லை, சும்மா காத்திருக்கிறது. வட்டு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும். வலைத்தொடர்பு முகவரி தருமா என்று காத்திருக்கும். இல்லாத ஒரு சாதனத்தைத் தேடி, பதில் வராமல், குறித்த நேரம் முடிந்த பிறகுதான் அடுத்ததற்குப் போகும். சில்லு எவ்வளவு வேகமானாலும் இந்தக் காத்திருப்பு குறையாது.

ஓர் உதாரணக் கணக்கு: தொடங்க 40 விநாடி ஆகிறது, அதில் 15 விநாடி வெறும் காத்திருப்பு என்று வைத்துக்கொள்வோம். எமுலேட்டரின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் மீதி 25 விநாடி பன்னிரண்டரை ஆகும். காத்திருப்பையும் சேர்த்தால் மொத்தம் 27.5 விநாடி. இரண்டு மடங்கு வேகம், ஆனால் நேரம் பாதியாகவில்லை. அதே இடத்தில், பழைய விண்டோஸில் வலைத்தொடர்பு அட்டையை நீக்கிவிட்டால் சில வேளைகளில் அதைவிட அதிக நேரம் மிச்சமாகும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அட்டை எழுதி வைக்கும் முறை, ஒரே வேலை திரும்பத் திரும்ப வரும்போதுதான் லாபம் தரும். இயங்குதளம் தொடங்கும்போதோ பெரும்பாலான கட்டளைகள் ஒரே ஒரு முறைதான் ஓடுகின்றன. எழுதி வைத்த அட்டைக்கு மறுபடி வேலை வருவதில்லை. ஆகவே, தொடங்கும்போது நொண்டும் எமுலேட்டர், தொடங்கி முடித்த பிறகு கணக்கு மென்பொருளை ஓரளவு சரளமாக ஓட்டலாம். தொடங்கும் நேரத்தை மட்டும் பார்த்து அதைத் தள்ளிவிடக் கூடாது.

ஏமாற்றும் எண்கள்

வேகத்தை ஒப்பிடுகிறோம் என்று சொல்லும் பல காணொளிகளில் ஒப்பிடக் கூடாதவை ஒப்பிடப்படுகின்றன.

முதலாவது, டாஸ்பாக்ஸ். பழைய டாஸ் விளையாட்டுகளுக்குப் பேர்போன இது 2002இல் வெளிவந்தது. சொடுக்கியதும் திரை வந்துவிடும். காரணம், அது உண்மையான டாஸ் இயங்குதளம் எதையும் தொடங்குவதில்லை. டாஸ் செய்யும் வேலைகளைத் தானே செய்து தருகிறது. முழுக் கணினியையும் பாவனை செய்யும் மென்பொருளோடு இதை நிறுத்தி ஒப்பிடுவது, நேற்றே சமைத்த குழம்பைச் சூடாக்கியவரையும் இன்று மிளகாய் அரைத்தவரையும் நேரம் பார்த்து ஒப்பிடுவது போன்றது.

இரண்டாவது, உறைநிலைப் பிரதி. மெய்நிகர் கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கும் நிலையை அப்படியே சேமித்து வைத்து, பிறகு அதே இடத்திலிருந்து தொடரலாம். சில விநாடியில் மேசைத்திரை வந்துவிடும். அது தொடங்கியதல்ல, தூக்கத்திலிருந்து விழித்தது. அன்றாட வேலைக்கு இது மிகவும் பயனுள்ள வசதி, ஆனால் தொடங்கும் நேரமாக அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இன்றைய விண்டோஸிலும் இதே கதைதான். விண்டோஸ் 8 முதல் இருக்கும் வேகத் தொடக்க வசதி, கணினியை மூடும்போது இயங்குதளத்தின் கருவை வட்டில் சேமித்துக்கொள்கிறது. அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்கிறது. முழுமையான தொடக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் கணினியை மூடித் திறக்காமல், மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

மூன்றாவது, முதல் ஓட்டமும் இரண்டாம் ஓட்டமும். வீட்டுக்காரக் கணினி ஒருமுறை படித்த வட்டுக் கோப்பைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். ஆகவே இரண்டாம் தடவை பெரும்பாலும் வேகமாகத்தான் இருக்கும். ஒரு மென்பொருளின் முதல் ஓட்டத்தையும் மற்றொன்றின் இரண்டாம் ஓட்டத்தையும் ஒப்பிட்டால் தீர்ப்பு தவறிப்போகும்.

நான்காவது, விருந்தாளியின் கடிகாரம். உள்ளே ஓடும் இயங்குதளத்தின் நேரமும் பாவனைதான். எமுலேட்டர் திணறும்போது அந்தக் கடிகாரமும் பின்தங்கலாம். சுவரில் இருக்கும் கடிகாரத்தையோ கைப்பேசியையோ பார்த்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

வேகம் கூடினாலும் வம்பு

வேகம் எப்போதும் நல்லது என்ற எண்ணத்துக்கு விண்டோஸ் 95 ஒரு பாடம். 1995 ஆகஸ்ட் 24ஆம் நாள் வெளியான அந்த இயங்குதளம், சில்லின் வேகத்தை அறிய ஒரு சுற்றுக் கணக்கை ஓடவிட்டு நேரம் பார்க்கும். சில ஆண்டுகளில் வந்த வேகமான ஏஎம்டி சில்லுகள் அந்தச் சுற்றை அளவுக்கு மீறிய வேகத்தில் முடித்துவிட்டன. எடுத்த நேரம் பூச்சியம் என்று வந்தது. பூச்சியத்தால் வகுக்கப்போய் விண்டோஸ் பிழைச்செய்தியோடு நின்றது. அதற்கெனத் தனித் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. இன்றைய வேகமான கணினியில் மெய்நிகராக்கம் வழியாக விண்டோஸ் 95ஐ ஓட்டும்போதும் இதே மாதிரிப் பிழை தலைகாட்டும்.

நினைவகமும் அப்படித்தான். அதிகம் கொடுத்தால் நல்லது என்று நினைத்து விண்டோஸ் 98க்கு 512 மெகாபைட்டுக்கு மேல் கொடுத்தால் அது தடுமாறும். 256 மெகாபைட் போதும்.

இதனால்தான் 86பாக்ஸ், பிசியெம் போன்ற எமுலேட்டர்கள் வேறு பாதையில் போகின்றன. அவை வேகத்தைத் தேடுவதில்லை. 1990களின் குறிப்பிட்ட சில்லு, குறிப்பிட்ட தாய்ப்பலகை, குறிப்பிட்ட ஒலி அட்டை ஆகியவற்றை அன்றிருந்த வேகத்திலேயே பாவனை செய்ய முயல்கின்றன. சாளரத்தின் தலைப்பில் ஒரு விழுக்காடு தெரியும். 100 என்று இருந்தால், பழைய கணினி அன்று ஓடிய அதே வேகத்தில் இன்றும் ஓடுகிறது என்று பொருள். விண்டோஸ் 98 தொடங்க அன்று எவ்வளவு நேரம் ஆனதோ ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். அதைக் குறையென்று சொல்ல முடியாது. அந்த மென்பொருளின் நோக்கமே அதுதான். மற்ற இடங்களில் முரண்டுபிடிக்கும் பழைய மென்பொருள் பல வேளைகளில் இங்கேதான் அடங்கி ஓடும்.

எந்த அளவை நியாயமான அளவு என்று கேட்டால், மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பிக்கு வைத்த இலக்கை நினைவில் கொள்ளலாம். 2001இல் வெளியான எக்ஸ்பி, அன்றைய புதிய கணினியில் 30 விநாடிக்குள் பயன்படுத்தத் தயாராக வேண்டும் என்பதே அந்த இலக்கு. இன்று எமுலேட்டருக்குள் எக்ஸ்பி ஒரு நிமிடத்தில் தயாரானால், அன்றைய மக்கள் வாழ்ந்த வேகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று திருப்திப்படலாம்.

வீட்டிலேயே நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

இரண்டு மென்பொருள்களை ஒப்பிட விரும்புவோர் சில ஒழுங்குகளைக் கடைப்பிடித்தால் போதும்.

ஒரே வட்டுக் கோப்பின் இரண்டு பிரதிகளை இரண்டுக்கும் கொடுக்க வேண்டும். புதிதாக நிறுவிய விண்டோஸையும் பத்தாண்டு குப்பை சேர்ந்த விண்டோஸையும் ஒப்பிட்டுப் பயனில்லை. நினைவகம், சில்லு எண்ணிக்கை, வலைத்தொடர்பு ஆகியவற்றை முடிந்தவரை ஒரே அளவில் வைக்க வேண்டும்.

எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை முன்பே தீர்மானிக்க வேண்டும். மேசைத்திரை தெரிவதை முடிவாக வைத்தால் ஏமாற வாய்ப்புண்டு, ஏனென்றால் படம் வந்த பிறகும் பின்னணியில் வேலை நடந்துகொண்டிருக்கும். ஓர் எளிய மென்பொருளைத் திறந்து ஓர் எழுத்தைத் தட்டச்சு செய்ய முடிகிற நேரத்தை முடிவாக வைப்பது மேல்.

ஒவ்வொன்றையும் ஐந்து முறை ஓட்டி, கைப்பேசியின் நிறுத்தற்கடிகாரத்தால் அளந்து, முதல் ஓட்டத்தைத் தனியாகக் குறித்துக்கொண்டு, மற்றவற்றின் நடு மதிப்பை எடுக்கலாம். மடிக்கணினி மின்சாரத்தில் இணைந்திருக்க வேண்டும். மின்கலத்தில் ஓடும்போது பல கணினிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மெய்நிகராக்க வசதி உண்மையில் வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 10, 11 கணினிகளில் பணி மேலாளரின் செயல்திறன் பக்கத்தில் இது இயங்குகிறதா இல்லையா என்று தெரியும். முடக்கப்பட்டிருந்தால் பயாஸ் அமைப்பில் இயக்கலாம். விர்ச்சுவல்பாக்ஸ் பயன்படுத்துவோர் சாளரத்தின் அடியில் ஒரு பச்சை ஆமைச் சின்னத்தைக் கண்டால், விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க அடுக்கு குறுக்கே நிற்கிறது, வேகம் குறையலாம் என்று புரிந்துகொள்ளலாம். புதுக் கணினி வாங்காமலே சரிசெய்யக்கூடிய தாமதம் இது.

பதிவுகளைக் காப்பாற்ற வருபவருக்கு

ஆலயக் கணக்கையும் சங்கக் குறிப்பையும் மீட்க வருபவருக்கு இந்த வேகப் போட்டி இரண்டாம் பட்சம். முதல் வேலை, பழைய வன்தட்டைப் பிரதி எடுப்பது. முனகிக்கொண்டு ஓடும் பழைய கணினியை, "ஓடுகிறதா பார்க்கலாம்" என்று திரும்பத் திரும்பத் திறந்து மூடுவதுதான் அதைச் சாகடிக்கும். வன்தட்டைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்பி வழியாகப் புதுக் கணினியில் இணைத்து, முழு வட்டையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுத்த பிறகு மற்ற சோதனைகளைப் பிரதியின் மேல் செய்யலாம். இந்த வேலை பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவர்களிடம் கொடுப்பது பாதுகாப்பு.

அடுத்து, பழைய விண்டோஸை ஓட்டியே ஆக வேண்டுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். படங்களையும் சாதாரண ஆவணங்களையும் பிரதியிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளலாம். தமிழ் ஆவணங்களில்தான் சிக்கல். யூனிகோடு பரவுவதற்கு முன்பு ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தன் சொந்த எழுத்துருவோடும் குறியாக்கத்தோடும் வந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கத் தொடங்கிய முரசு மென்பொருள் இந்நாட்டில் பரவலாகப் புழங்கியது. 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த காலத்திலும் பலவகைக் குறியாக்கங்கள் புழக்கத்தில் இருந்தன. அந்தக் கோப்புகளைப் புதிய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடக் கூடாது. எழுத்துரு இல்லாததுதான் காரணம். எந்த எழுத்துரு என்று தெரிந்துவிட்டால் குறியாக்க மாற்றி மூலம் யூனிகோடுக்கு மாற்றலாம்.

எந்த எழுத்துரு என்று தெரியாதபோதுதான் பழைய விண்டோஸை உயிரோடு பார்ப்பது கைகொடுக்கிறது. அங்கே எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. பக்கம் அன்று தெரிந்த மாதிரியே தெரியும். சரியாக மாற்றப்பட்டதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பக்கமே சான்று. கணக்கு மென்பொருளின் தரவுகளும் அப்படியே. அவை அந்த மென்பொருளுக்குள் மட்டும்தான் விளங்கும். அங்கிருந்து அச்சிட்டோ வேறு வடிவில் எடுத்தோ வெளியே கொண்டுவர வேண்டும்.

பழைய கணினியின் வட்டுப் பிரதியை அப்படியே எமுலேட்டரில் போட்டால் விண்டோஸ் எக்ஸ்பி சில நேரம் நீலத் திரையோடு நின்றுவிடும். வட்டு இணைப்பு மாறியதை அது ஏற்காததே பெரும்பாலும் காரணம். எமுலேட்டரின் அமைப்பில் பழைய வகை வட்டு இணைப்பைத் தேர்ந்தெடுத்தால் பல வேளைகளில் வழி பிறக்கும். புதுக் கணினி என்று நினைத்து, எக்ஸ்பி மறுபடி உரிமச் சரிபார்ப்பும் கேட்கலாம். பழையது என்பதற்காக விண்டோஸ் இலவசமாகிவிடவில்லை, சொந்த உரிமம் உள்ளதையே பயன்படுத்த வேண்டும். டாஸ் மட்டும் போதுமானவர்களுக்கு ஃப்ரீடாஸ் என்ற இலவச இயங்குதளம் உண்டு.

எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு நின்றுவிட்டது. ஆகவே எமுலேட்டருக்குள் ஓடும் பழைய விண்டோஸை இணையத்தோடு இணைக்காமல் இருப்பதே நல்லது. இணைப்பைத் துண்டித்தால் தொடங்கும் நேரமும் சற்றுக் குறையும் என்பது கூடுதல் லாபம்.

ஆக, வேகத்தைப் பற்றிய கேள்வியை மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். இங்கே மொழிபெயர்ப்பு நடக்கிறதா, இல்லையா? எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை அளந்தார்கள்? தொடங்கிய பிறகு பழைய கோப்பு சரியாகத் திறந்ததா? தினமும் திறக்க வேண்டிய மென்பொருளுக்கு முதல் இரண்டு கேள்விகளும் முக்கியம். ஒரே ஒரு முறை திறந்து, ஐம்பது குடும்பங்களின் பெயர்ப் பட்டியலை அச்சிட்டு எடுக்க வேண்டிய வன்தட்டுக்கு மூன்றாவது கேள்வி மட்டும்தான் முக்கியம். அதற்கு ஏழு நிமிடம் ஆனால் ஆகட்டும். அந்த வன்தட்டைப் பிரதி எடுப்பதைத்தான் இனியும் தள்ளிப்போடக் கூடாது.